டாஷ்போர்ட் கொப்பியில் ஏறிய விலை: இலங்கையின் வாகன இறக்குமதித் தடையும் ஒரு வேகன்ஆரும்

அத்தானின் காரில் டாஷ்போர்ட்டைத் திறந்தால் முதலில் கையில் தட்டுப்படுவது ஒரு சீஆர் கொப்பி. பெற்றோல் அடித்த திகதி, எத்தனை லீற்றர், மீற்றரில் நின்ற இலக்கம், ஒயில் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் அதில் இருக்கும். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்; எழுதாமல் விட்டால் அவருக்கு நித்திரை வராது. அதே கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வந்தால் வேறொரு கணக்கு. காரை யார் விலை கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்ற கணக்கு.

அதை ஒருநாள் நான் பிரதி எடுத்துக்கொண்டேன். 2017 மார்கழி, வாங்கிய விலை 34.5 இலட்சம். 2020 மாசி, ஒரு தரகர் கேட்டது 31. 2021 கார்த்திகை, 47. 2022 வைகாசி, 62. 2023 ஆடி, 52. 2024 ஐப்பசி, 57. 2025 ஆவணி, 59.

வண்டி 2017 மொடல் சுசுகி வேகன்ஆர். 660 சீசீ ஹைபிரிட். யப்பானிலிருந்து வந்தது, கொழும்பில் கார் விற்கும் ஒரு சேலில் எடுத்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு ஓட்டி வந்தது. இன்றைக்கு மீற்றரில் 90 ஆயிரம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. முன் பம்பரில் ஒரு கீறல், பின் இருக்கையில் பேரன் கொட்டிய நெக்டோ சோடாக் கறை. இப்படிப்பட்ட ஒரு வண்டி எட்டு வருடம் ஓடிய பிறகு வாங்கியதைவிட 24.5 இலட்சம் கூடக் கேட்கப்படுகிறது. உலகத்தில் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கார் என்றால் தேய்மானம். இங்கே அது ஏறுமானம்.

2021-இல் கார் விலை ஏறியது நமக்கு மட்டும் நடந்ததில்லை. சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் தடுமாறின. அமெரிக்காவில் பழைய கார் விலை அந்த ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. அங்கே தொழிற்சாலைகள் திரும்ப ஓடத் தொடங்கியதும் அந்தச் சூடு மெல்ல அடங்கியது. இலங்கையின் கதையில் தொழிற்சாலைக்கு வேலையே இல்லை. யப்பானில் வண்டி இருந்தது, கப்பலும் இருந்தது. வாங்குவதற்கு டொலர்தான் இல்லை.

மூன்று மாதத் தடை

2020 மார்ச் 19 அன்று மத்திய வங்கி வர்த்தக வங்கிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: வாகன இறக்குமதிக்கும் அத்தியாவசியமற்ற பொருட்களுக்கும் வசதி செய்து கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதம். கொரோனா வந்து ஊரடங்கு தொடங்கிய கிழமை அது. வாகனச் செய்தியை யார் கவனித்தார்கள்? அரிசி, பருப்பு, மருந்து என்று எல்லோரும் வரிசையில் நின்றோம். அப்புறம் அந்த நிறுத்தம் 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி ஒழுங்குவிதியாக மாறியது, நீடிக்கப்பட்டது, மறுபடி நீடிக்கப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. மூன்று மாதம் ஐந்து வருடமாக நீண்ட கதை இது.

கதவைப் பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018-இல் தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்காக மட்டும் இந்த நாடு 1,570 மில்லியன் டொலர் அளவில் செலவழித்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த அரசாங்கம் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கியது. கடன் தர மதிப்பீடு சரிந்தது, வெளியில் கடன் கிடைக்கவில்லை. பிறகு கொரோனா. டொலர் போகும் ஓட்டைகளில் பெரிய ஒன்றாகவும் அடைக்க மிகச் சுலபமானதாகவும் இருந்தது கார். அரிசியை நிறுத்தினால் ஆட்சி போகும், காரை நிறுத்தினால் வசதியானவர்கள்தான் முணுமுணுப்பார்கள் என்ற கணக்கு.

அடைத்த மாத்திரத்தில் பலன் தெரிந்தது. அந்தச் செலவு 2020-இல் 280 மில்லியன் டொலர் அளவுக்கு விழுந்தது. 2018-இல் புதிதாகப் பதிவான கார்கள் 80 ஆயிரத்துக்கு மேல். 2019-இல் ஏறக்குறைய 38 ஆயிரம். 2021-இல் மூன்றரை ஆயிரம். 2022-இல் ஒன்றரை ஆயிரம்கூட இல்லை. இரண்டு கோடிக்கு மேல் சனம் உள்ள நாட்டில் ஒரு வருடம் முழுவதும் ஒன்றரை ஆயிரம் புதுக் கார்! அவற்றுள் இங்கேயே பொருத்தியவையும் அடக்கம். வெலிப்பன்னையில் பொருத்திய மஹிந்திரா கேயூவி100, அபான்ஸ் பொருத்திய ஹூண்டாய் கிராண்ட் ஐ10 என்று சில இருந்தன. புதுக் கார் வாசம் வேண்டியவருக்கு அவைதான் கதி. அவற்றுக்கும் பாகங்கள் வெளியிலிருந்துதான் வரவேண்டும், அதற்கும் டொலர்தான் வேண்டும் என்பதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சரி, மிச்சம் பிடித்த டொலர் எங்கே போனது? 2021 ஜூலையில் 1,000 மில்லியன் டொலர் வெளியில் பட்ட கடனான சர்வதேசப் பிணைமுறி ஒன்றைத் திருப்பிக் கட்டப் போனது. 2022 ஜனவரியில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் பணமில்லாத நேரத்தில், இன்னொரு 500 மில்லியன் டொலர் அதே வழியில் போனது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. கார் வாங்காமல் இருந்து சேர்த்ததைக் கொண்டுபோய் முறியப்போகும் கடனுக்கு வட்டியும் முதலுமாகக் கொட்டிவிட்டோம் என்பது என் எண்ணம். தடை சரியா பிழையா என்று இப்போதும் விவாதிக்கிறார்கள். தடையால் சேர்ந்த காசை என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நாலு சில்லு வைத்த டொலர்

இனி அத்தானின் கொப்பிக்கு வருவோம். அதில் இருப்பவை எல்லாம் ரூபாய். நான் ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அந்தந்த மாதத்து டொலர் விலையால் பிரித்துப் பார்த்தேன்.

2017 மார்கழியில் டொலர் 153 ரூபாய். 34.5 இலட்சம் என்றால் ஏறக்குறைய 22,500 டொலர். 2020 மாசியில் டொலர் 181 ரூபாயைத் தாண்டி நின்றது. 31 இலட்சம் என்பது 17,000 டொலர் சொச்சம். இரண்டு வருடத்தில் ஒழுங்கான தேய்மானம், யப்பானிலும் இப்படித்தான் தேய்ந்திருக்கும். பிறகு 2022 வைகாசி. டொலர் 360. 62 இலட்சத்தைப் பிரித்தால் 17,200 டொலர்.

அந்த இலக்கத்தைப் பார்த்ததும் இரண்டாம் தரம் கல்குலேட்டரைத் தட்டினேன். ரூபாயில் விலை இரட்டிப்பு. டொலரில் இரண்டு வருடத்துக்கு முன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதே 31 இலட்சத்தை அத்தான் 2020-இல் வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தால், 7 வீத வட்டியோடு இரண்டு வருடத்தில் முப்பத்தைந்தரை இலட்சம் ஆகியிருக்கும். 2022 வைகாசியில் அதன் பெறுமதி பத்தாயிரம் டொலருக்குக் கீழே. வங்கிக் கணக்கு பாதியை நோக்கிக் கரைந்த காலத்தில் போர்ட்டிக்கோவில் நின்ற வேகன்ஆர் கரையவில்லை.

சாதாரண சனத்துக்கு டொலரை நினைத்தபடி வாங்கி அலுமாரியில் வைக்க வழியில்லை. காணி வாங்க எல்லோரிடமும் காசு இல்லை. பவுன் வாங்கலாம், ஆனால் பவுனில் ஏறிச் சந்தைக்குப் போக முடியாது. கார் மட்டும்தான் வெளிநாட்டுப் பொருள், இனி வராத பொருள், ஓட்டவும் கூடிய பொருள். தெரிந்தோ தெரியாமலோ கார் வைத்திருந்தவர் எல்லோரும் நாலு சில்லு வைத்த டொலரை வைத்திருந்தார்கள்.

2021 கார்த்திகையில் எழுதிய 47 இலட்சம் இன்னும் சுவாரசியமானது. அப்போது மத்திய வங்கி டொலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கணக்கில் நாலு வயதான வண்டி 23,000 டொலருக்கு மேல், புதிதாக வாங்கியதைவிடக் கூட. நம்பக்கூடிய கணக்கா? இல்லை. அப்போது வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர்கள் டொலருக்கு வங்கியைவிட நன்றாகவே கூடக் கொடுத்தார்கள். கார்ச் சந்தை உண்டியல்காரர் பக்கம் நின்றது. 200 என்பது பொய் விலை என்று மத்திய வங்கி 2022 மார்ச்சில் கைவிரித்து ஒப்புக்கொள்வதற்கு மாதக் கணக்கில் முன்பே பழைய கார் தரகர்கள் அதை விலையில் எழுதிவிட்டார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்த் தரகர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, காசை வைச்சிருக்காதேங்கோ, சாமானை வைச்சிருங்கோ."

பெற்றோல் இல்லாத காரும் விலைப்பட்டது

2022 ஆனி, ஆடியை மறக்க முடியாது. 2021 மார்கழியில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஆறு மாதத்தில் 470 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 27இலிருந்து ஏறக்குறைய இரண்டு கிழமை அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கமே அறிவித்தது. ஓடாத காருக்கு என்ன விலை இருக்க முடியும் என்று நினைப்போம். விலை கொஞ்சம் தளும்பியதே தவிர விழவில்லை. மாறாகச் சைக்கிள் விலை ஏறியது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் வீட்டுக்கு மூன்று சைக்கிள் நின்றது. இப்போது பின் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு வண்டிக்கு வண்டி எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, முச்சக்கர வண்டிக்கு 5. அதோடு ஒரு வேடிக்கை. எங்கள் ஒழுங்கையில் எஞ்சின் இறக்கி வைத்துப் பல வருடமான ஒரு காருக்குத் திடீரென்று மரியாதை வந்தது. பதிவுப் புத்தகம் இருக்கிறது, செசி இலக்கம் இருக்கிறது, அப்படியானால் 20 லீற்றர் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் காரைத் தள்ளிக்கொண்டு போய் பெற்றோல் அடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். எப்படி அடித்தார் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பழைய ஞாபகம் வராமல் போகாது. 90களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஏ40, கேம்பிறிட்ஜ், மொரிஸ் மைனர் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் ஒரு சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணிவிட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. புது வண்டி வராத ஊரில் பழைய வண்டியை எவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கலாம் என்று எங்கள் கராஜ்காரர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் 2017 ஹைபிரிட்டுக்கு நாலு துளி வைத்தியம் பலிக்காது. சென்சர் பழுதானால் சென்சர்தான் போடவேண்டும். இறக்குமதிக்கான எல்.சி. என்ற கடன் கடிதம் திறக்க வங்கிகளில் டொலர் இல்லாததால் உதிரிப்பாகமும் சுருங்கியது. அத்தான் ஒரு பக்கக் கண்ணாடிக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார். முதல் கடையில் 38 ஆயிரம் என்றார்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு தேநீர் குடித்துத் திரும்பி வருவதற்குள் 42 ஆயிரம். தேநீருக்கு 4 ஆயிரம் ரூபாய் கொடுத்த ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் சொல்வார்.

உச்சியில் வாங்கியவர்

அத்தானின் கொப்பி சொல்வது காரை வைத்திருந்தவரின் கதை. வாங்கியவரின் கதை வேறு. கொழும்பு வெள்ளவத்தையில் நான் அடிக்கடி கூப்பிடும் ஒரு வாடகைக் கார்த் தம்பி இருந்தார். அவரும் வேகன்ஆர்தான், செயலி வழி ஓடுகிறவர்களில் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள், எண்ணெய் குடிக்காது என்பதால். 2021 நடுப்பகுதியில் 45 இலட்சத்துக்கு எடுத்தார். மனைவியின் நகை, தமையன் கட்டாரிலிருந்து அனுப்பியது என்று 20 இலட்சம் கையில். மீதி 25 இலட்சம் லீசிங், ஐந்து வருடம், 14 வீதம். மாதத் தவணை 58 ஆயிரம்.

வாங்கிய நேரத்தில் அது பிழையான கணக்கு இல்லை. நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் தவணையும் கட்டி வீட்டுக்கும் மிஞ்சும். ஆனால் கிழமைக்கு 20 லீற்றரை வைத்துக்கொண்டு வாடகைக் கார் ஓட முடியுமா? மூன்று நாள் ஓட்டம், நாலு நாள் வரிசை. சனமும் காரில் ஏறுவதைக் குறைத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது, யார் டாக்சியில் போவார்கள்? தவணை மூன்று, நாலு என்று தேங்கியது. வேறிடத்தில் கடன் எடுத்து இதைக் கட்டலாம் என்று போனால், வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்கே அந்த வருடக் கடைசியில் 27 வீதத்துக்கு மேல் வட்டி போட்டுக்கொண்டிருந்தன. இவருக்கு யார் கொடுப்பார்கள்?

2023 தொடக்கத்தில் ஒரு காலை, வீட்டு வாசலில் இரண்டு பேர். லீசிங் கம்பனியால் வந்தவர்கள். சாவியைக் கேட்டார்கள். பின் இருக்கையில் இருந்த மகளின் பாடசாலைப் பையை எடுக்க மட்டும் நேரம் கேட்டாராம். அந்த வண்டி பிறகு ஏலத்தில் போனது. அந்த நேரம்தான் வட்டி உச்சியில் நின்று வாங்க ஆளில்லாமல் பழைய கார் விலை இறங்கியிருந்த காலம். அத்தானின் கொப்பியில் 62 என்பது 52 ஆன அதே காலம். இறங்கிய விலையில் யாரோ காசோடு இருந்த ஒருவர் வாங்கியிருப்பார். தம்பி இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார், அதுவும் வாடகைக்கு.

விலை ஏறுகிறது என்ற செய்தியை நாம் வாசிக்கும்போது, ஏற்றத்தில் இலாபம் பார்த்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அத்தானைப் போன்றவர்கள் உண்மையில் எந்த இலாபமும் பார்க்கவில்லை, ஏனென்றால் விற்கவில்லை. விற்றவர்களில் பலர் அதே விலையில் இன்னொன்றை வாங்கவேண்டி வந்தது. முதல் கார் வாங்க நினைத்தவர்கள்தான் மொத்தமாக வெளியே நிறுத்தப்பட்டார்கள். கலியாணம் கட்டி ஒரு ஆல்ட்டோவாவது எடுப்போம் என்று 15 இலட்சம் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஐந்து வருடம் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள், ஆல்ட்டோ அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

"திறக்கப் போகினமாம்"

இந்த ஐந்து வருடத்தில் சந்தையை அதிகம் ஆட்டியது வதந்தி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி வரும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் திறக்கப் போகிறார்களாம். சின்னக் காருக்கு மட்டும் விடப் போகிறார்களாம். மின்சார வண்டிக்கு விட்டாயிற்றாம். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு கிழமை சந்தை உறையும். வாங்க வந்தவர் பின்வாங்குவார், விற்க நினைத்தவர் பதறிப்போய் இரண்டு இலட்சம் குறைப்பார், தரகர் அந்த இடைவெளியில் அள்ளிக்கொள்வார். பிறகு எதுவும் திறக்காது, விலை பழைய இடத்துக்கு வரும்.

பொய்ச் செய்திகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு மெய்யும் இருந்தது. 2022 மே முதலாம் திகதிக்குப் பிறகு வங்கி வழியாகப் பணம் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, அனுப்பிய டொலரில் பாதிப் பெறுமதிக்கு மின்சார வண்டி கொண்டுவர அனுமதி கொடுத்தார்கள். உண்டியலிலிருந்து வங்கிக்கு ஆட்களை இழுக்கும் யுக்தி. நல்ல யோசனைதான், ஆனால் கட்டாரில் கட்டட வேலை செய்பவர் மின்சாரக் கார் கொண்டுவரும் அளவுக்கு அனுப்புவாரா? வந்த வண்டிகளை யார் ஓட்டினார்கள் என்று பிறகு கணக்காய்வில் கேள்விகள் எழுந்தன. தடைக்கு முன்னால் வைத்தியர்களுக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கும் கொடுத்த தீர்வைச் சலுகைப் பெர்மிட்டுகள் கை மாறி விற்கப்பட்ட நாடு இது. அனுமதிப் பத்திரம் என்று ஒன்று வந்தால் அதற்கொரு சந்தையும் கூடவே வரும்.

விலை ஏறிய காலத்தில் ஏமாற்றும் ஏறியது. 1 இலட்சத்து 40 ஆயிரம் ஓடிய வண்டி 60 ஆயிரமாக இளமை திரும்பும். அடிபட்ட வண்டி புதுப் பெயின்டோடு நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் செசி இலக்கத்தை வைத்து யப்பான் ஏல அறிக்கையைத் தேடி எடுப்பார்கள். ஏலத்தில் நிற்கும்போது மீற்றர் என்ன, தரம் நாலரையா மூன்றரையா, எந்தக் கதவு மாற்றியது என்று அதில் இருக்கும். ஆனால் அது கப்பல் ஏறும் வரைக்கும்தான். இங்கே ஐந்து கை மாறி, ஓப்பன் பேப்பரில் யார் பெயருக்கும் எழுதாமல் சுற்றிய வண்டிக்கு அறிக்கை ஏது? புத்தகத்தில் இருக்கும் பெயருக்குரியவர் அவுஸ்திரேலியாவில் இருப்பார்.

திறந்தது, விழவில்லை

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் கிடைத்தது. டொலர் மெல்ல 300 பக்கம் வந்தது, வட்டி இறங்கியது. முதலில் பஸ், லொறி போன்றவற்றுக்கும், 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. பெப்ரவரிக் கடைசியில் யப்பான் வண்டிகளோடு கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்த காட்சியைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் மாதிரிப் பார்த்தோம். அத்தானுக்கு அன்றைக்குக் காலையிலிருந்து தொலைபேசி: "சேர், இப்பவே குடுத்திடுங்கோ, பங்குனி வரேக்க 40க்கும் கேக்க ஆளிராது."

பங்குனி வந்தது. புது வேகன்ஆரின் விலை 70 இலட்சத்துக்கு மேல் என்று சேல்களில் எழுதி ஒட்டினார்கள். 40க்கு விழும் என்ற பழையது 60 பக்கம் போய் நின்றது.

ஏன் விழவில்லை? ரூபாய் விழுந்ததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. டொலர் 181இலிருந்து 300 ஆனது சரிதான், ஆனால் நாங்கள் யப்பானில் வாங்குவது யென்னில். அதே காலத்தில் யென்னும் டொலருக்கு எதிராக விழுந்தது. 2019 கடைசியில் டொலருக்கு 109 யென் அளவில் இருந்தது, 2025-இல் 150 பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு யென் முன்பு 1 ரூபாய் 67 சதம், 2025-இல் 2 ரூபாய். கூடியது 20 வீதம் மட்டும். யப்பானிலேயே வண்டி விலை கூடியதைச் சேர்த்தாலும் 34 இலட்சம் 70 ஆவதற்கு இது காணாது.

மீதி வரி. கதவு திறந்த 2025-இல் சுங்கத் தீர்வை 20 வீதம். அந்தத் தீர்வையின் மேல் அரைவாசி மேலதிக வரி, ஆக 30. அதற்கு மேல் எஞ்சின் சீசீயையோ மோட்டரின் கிலோவாற்றையோ வைத்துக் கணக்கிடும் உற்பத்தி வரி. விலை ஒரு எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி. இவை எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மேல் 18 வீத வற். வரிக்கும் வரி என்பதால், உற்பத்தி வரியில் 1 இலட்சம் ஏற்றினால் வாங்குபவர் கையிலிருந்து 1 இலட்சத்து 18 ஆயிரம் போகும். உற்பத்தி வரி வண்டியின் பெறுமதியைப் பார்ப்பதில்லை, எஞ்சினின் அளவைப் பார்க்கிறது. அதனால் ஒரே அளவு எஞ்சின் உள்ள கார்களில் மலிந்ததற்குத்தான் சுமை விகிதத்தில் கூட. போதாததற்குக் காரென்றால் மூன்று வயதுக்கு மேற்பட்டது வர முடியாது. யப்பானில் எட்டு வயது வேகன்ஆர் கொள்ளை மலிவு. அது இங்கே கரை இறங்காது. எட்டு வயது வேகன்ஆர் வேண்டுமென்றால் அத்தானின் போர்ட்டிக்கோவுக்குத்தான் வரவேண்டும்.

அரசாங்கத்தின் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் ஐந்து வருட ஆசையும் ஒரே வருடத்தில் டொலராக வெளியே ஓடும். வரிச் சுவர் அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது, திறைசேரியையும் நிரப்புகிறது. 2025-இன் வரி வருமானத்தில் வாகனம் பெரும் பங்கு கொடுத்தது. இருந்தும் சனம் வாங்கியது. 2025 ஜூலையில் மத்திய வங்கி தனியார் கார்களுக்கான லீசிங்கை விலையின் 60 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. 70 இலட்சத்து வண்டிக்கு அப்போது 28 இலட்சம் கையில் வேண்டியிருந்தது. 2017-இல் அத்தான் முழு வண்டிக்குக் கொடுத்தது 34.5.

தடை போய்விட்டது, உண்மை. தடையின் விலை போகவில்லை. முன்பு வர்த்தமானி செய்த வேலையை இப்போது வரி அட்டவணை செய்கிறது.

2025 ஆவணியில் தரகர் மறுபடி வந்தார், கூடவே பக்கத்து ஊர்த் திருநெல்வேலியிலிருந்து ஒரு இளம் சோடி. நானும் அங்கே இருந்தேன். தரகர் பொனற்றைத் தூக்கி, போல்ட்டுகளில் பெயின்ற் சுரண்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவினார். கதவு ரப்பரை இழுத்து வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார். ஒயில் மூடியைத் திறந்து முகர்ந்தார். பெடியன் சில்லைச் சுற்றி வந்தான், பெட்டை பின் இருக்கையில் ஏறி இருந்து பார்த்தாள், நெக்டோ கறையைக் கையால் மறைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்துச் சிரித்தாள். அத்தான் கொப்பியை எடுத்து நீட்டினார். அவர்கள் அதை முன்பக்கத்திலிருந்து புரட்டினார்கள்.

"59 தரலாம் சேர், காசாய்," என்றார் தரகர்.

அத்தான் பேனையைத் தேடி, கொப்பியைத் திருப்பிப் பிடித்து, திகதி போட்டு 59 என்று எழுதினார். பிறகு கேட்டார்: "வித்துப்போட்டு நான் எதிலை போறது?"

தரகர் பொனற்றை மூடினார். "அதைத்தான் சேர் நான் போற வீடெல்லாம் கேக்கினம்."